நோயும் கருத்து வேற்றுமையும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்னதானம், கல்வி நிதி, கும்பாபிஷேகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே இந்த மேடையின் வழக்கம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் என்னிடம், "நீங்கள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கொவிட் காலத்தில் கோயில் வாசலிலும் நின்றவர். அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நோயைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அந்த நோயைச் சமாளிக்கும் வழியைப் பற்றி நமக்குள் எழுந்த சண்டையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஏன் இந்தத் தலைப்பு? உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30ஆம் தேதி அறிவித்த அவசரநிலையை 2023 மே 5ஆம் தேதி விலக்கிக்கொண்டது. நோயின் உக்கிரம் தணிந்துவிட்டது. சண்டை தணிந்ததா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட அண்ணனும் போட்டுக்கொள்ளாத தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கோயிலை மூடியதற்காக நன்கொடையை நிறுத்திய அன்பர்கள் உண்டு. சீக்கிரம் திறந்துவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு வராமல் போனவர்களும் உண்டு. கோயில் அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடிதங்களை நான் படித்திருக்கிறேன். "அம்மனுக்கே கதவடைப்பா?" என்று கேட்டது ஒன்று. "யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?" என்று கேட்டது மற்றொன்று. இரண்டையும் எழுதியவர்கள் பல ஆண்டுகள் இக்கோயிலுக்கு உழைத்தவர்கள். இருவருக்கும் பக்தியில் குறைவில்லை, அறிவிலும் குறைவில்லை. அப்படியானால் எங்கே பிரிந்தார்கள்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஐந்தாவது பங்காளி

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். மருத்துவத்தில் நான்கு பேருக்குப் பங்குண்டு என்று கூறி வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவர் ஆகியவையே அந்த நான்கு. தாதியாக வேலை பார்த்த எனக்கு அந்த நான்காமவர்மீது தனி மரியாதை உண்டு.

பெருந்தொற்று வரும்போது இவர்களுடன் ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்துகொள்கிறார். அவர் அடுத்த வீட்டுக்காரர். எனக்கு நீரிழிவு இருந்து நான் மாத்திரை சாப்பிடாவிட்டால் பாதிப்பு எனக்குத்தான். என் இருமல் அப்படியல்ல. மின்தூக்கியில் என்னுடன் வரும் பெரியவரையும் அது தொடும். என் முடிவு அவரைத் தொடுகிறது. அவர் முடிவு என்னைத் தொடுகிறது. ஆகவேதான் வீட்டுக்குள் முடியவேண்டிய பேச்சு வீதிக்கு வருகிறது. கொள்ளை நோய்க் காலத்தில் கருத்து வேற்றுமை எழுவது இயற்கை. அது எழாத ஊர் எங்கும் இருந்ததில்லை.

1918ஆம் ஆண்டு உலகைச் சுற்றிய சளிக்காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் முகக்கவசத்தைச் சட்டமாக்கியது. நவம்பர் 21ஆம் தேதி நண்பகலில் அச்சட்டம் விலக்கப்பட்டது. மக்கள் கவசத்தைக் கழற்றி வீதியில் எறிந்து கொண்டாடினார்கள். நோய் மீண்டும் ஏறியதால் 1919 ஜனவரி 17ஆம் தேதி சட்டம் திரும்ப வந்தது. உடனே அதை எதிர்க்க ஒரு சங்கமே உருவானது. பிப்ரவரி முதல் தேதி சட்டம் மறுபடியும் நீக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து நாம் கேட்ட வாதங்கள் எல்லாம் அன்றே பேசப்பட்டவைதாம்.

என் அனுபவத்தில் இந்த வேற்றுமைகள் மூன்று வகைப்படும். எது உண்மை என்பது பற்றிய வேற்றுமை ஒன்று. எதற்கு எவ்வளவு எடை என்பது பற்றிய வேற்றுமை இரண்டு. யாரை நம்புவது என்பது பற்றிய வேற்றுமை மூன்று. வயிற்றுவலிக்குத் தலைவலி மருந்து கொடுத்தால் குணமாகாது. அதுபோல, ஒரு வகைச் சண்டைக்கு மற்றொரு வகைப் பதிலைச் சொன்னதால்தான் பல வீடுகளில் பேச்சு முறிந்தது.

எது உண்மை?

சிங்கப்பூரில் முதல் நோயாளி 2020 ஜனவரி 23ஆம் தேதி உறுதிசெய்யப்பட்டார். அம்மாத இறுதியில், வீட்டுக்கு 4 முகக்கவசங்கள் வழங்கப்படும் என்றும், உடல்நலத்தோடு இருப்பவர்கள் அவற்றை அணியத் தேவையில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. எல்லாரும் அணியவேண்டும் என்று அப்போதே சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது; பேரங்காடிகளில் அரிசியும் நூடல்ஸும் காலியாயின. மறுநாள் தைப்பூசம். அந்த ஆண்டுக் காவடிகள் நடந்தே சென்றன.

ஏப்ரல் 3ஆம் தேதி அரசின் நிலை மாறியது. முகக்கவசம் அணிவதை இனித் தடுக்கமாட்டோம் என்று பிரதமர் அறிவித்தார். ஏப்ரல் 14ஆம் தேதி முதல் அது கட்டாயமானது. "இரண்டு மாதத்துக்கு முன் வேண்டாம் என்றார்கள், இப்போது அணியாவிட்டால் அபராதம் என்கிறார்களே" என்று என் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையும் இருக்கிறது. அறிகுறி எதுவும் தெரியாதவரிடமிருந்தும் இந்தக் கிருமி பரவும் என்பது ஜனவரியில் தெளிவாகவில்லை. மார்ச் மாதத்துக்குள் தெளிவாகிவிட்டது. உண்மை வளர்ந்தது, விதி மாறியது. மருத்துவமனை ஊழியர்களுக்கே கவசம் போதாமல் போய்விடுமோ என்ற கவலையும் தொடக்கத்தில் இருந்தது.

ஆனால் இங்கே ஒரு பாடமும் உண்டு. 2023 மார்ச் மாதம் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தொடக்கத்தில் முகக்கவசத்துக்கு எதிராக அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க வேண்டியதில்லை என்று தானே எழுதியது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நோயாளிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். "இன்று தெரிந்தவரை இதுதான், நாளை மாறலாம்" என்று சொல்லிவிட்டு மருந்து கொடுத்தால், நாளை மருந்தை மாற்றும்போது நோயாளி கோபப்படமாட்டார். அடித்துச் சொல்லிவிட்டு மாற்றினால் அடுத்த மருந்தையும் சந்தேகிப்பார்.

காற்றைப் பற்றிய சண்டையும் இதே வகைதான். 2020 மார்ச் 28ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம், இந்தக் கிருமி காற்றில் பரவுவதில்லை என்று உறுதியாக அறிவித்தது. இருமும்போது விழும் துளிகளும் தொட்ட கைகளும்தான் வழி என்பது அன்றைய கருத்து. அதே மாதம் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். கை கழுவும் திரவம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் சளி போன்ற அறிகுறி இருந்தது. பின்னர் 53 பேர் நோய்வாய்ப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். சேர்ந்து பாடிய மூச்சே வழியாகியிருந்தது. அதைப் படித்தபோது நமது வெள்ளிக்கிழமை பஜனைக் குழு என் கண்முன் வந்தது. கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, வயதானவர்கள் நெருங்கி உட்கார்ந்து பாடும் கூடம் அது.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கம் 2021 ஏப்ரல் இறுதியில்தான் தெளிவாக மாறியது. இடைப்பட்ட காலத்தில் உலகமெங்கும் மேசைகளையும் கைப்பிடிகளையும் துடைத்துக்கொண்டிருந்தோம். சன்னலைத் திறக்க மறந்தோம். ஆகவே மாற்றுக்கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் குழப்பவாதிகள் அல்லர். அதே நேரத்தில், மாற்றுக்கருத்து என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அந்த 239 பேரும் ஆதாரத்தோடு வந்தார்கள். வேப்பிலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் கிருமி சாகும் என்று கைப்பேசியில் வந்த செய்திக்கு ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முதல்வகைச் சண்டைக்கு நீதிபதி ஆதாரம்தான்.

எதற்கு எவ்வளவு எடை?

இரண்டாம் வகை இன்னும் கடினமானது. இங்கே உண்மைகள் தெரிந்த பிறகும் நல்லவர்கள் பிரிவார்கள்.

2020 அக்டோபர் 4ஆம் தேதி அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் என்ற ஊரில் ஜெய் பட்டாச்சார்யா, சுனேத்ரா குப்தா, மார்ட்டின் குல்டோர்ஃப் என்ற மூன்று பேராசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஊரடங்கு ஏழைகளையும் பிள்ளைகளின் படிப்பையும் மற்ற நோயாளிகளையும் வதைக்கிறது. முதியோரையும் பலவீனரையும் தனியே காத்துக்கொண்டு மற்றவர்களை வழக்கம்போல் வாழவிடுங்கள் என்பது அவர்கள் வாதம். பத்து நாட்களில் அதற்கு மறுப்பாக ஜான் ஸ்னோ அறிக்கை வந்தது. 1854இல் லண்டனில் வாந்திபேதியின் மூலத்தைக் கண்டுபிடித்துத் தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்த மருத்துவரின் பெயர் அது. முதியோரைச் சமுதாயத்திலிருந்து பிரித்துச் சுவர் கட்ட இயலாது. பரவலை விட்டுவிட்டால் அது அவர்களையும் எட்டிவிடும் என்றது அந்த அறிக்கை.

யார் சொன்னது சரி? நம் நாட்டு அடுக்குமாடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அங்கே எந்த இடத்தில் சுவர் எழுப்புவது? மேலும், அந்த அறிக்கை வந்த இரண்டே மாதத்தில், டிசம்பர் 8ஆம் தேதி பிரிட்டனில் தடுப்பூசி தொடங்கிவிட்டது; சிங்கப்பூரில் டிசம்பர் 30ஆம் தேதி தொடங்கியது. அந்த இடைவெளியில் தொற்றிலிருந்து காப்பாற்றப்பட்ட முதியவர், பிறகு தடுப்பூசியோடு நோயைச் சந்தித்தார். ஆகவே பொறுத்திருந்ததில் பெரும்பயன் இருந்தது என்பது என் கருத்து.

ஆனால் முதல் அறிக்கையின் கவலையும் பொய்யல்ல. பள்ளி மூடியதன் விலையை ஏழை வீட்டுப் பிள்ளைதான் கொடுத்தது. அன்று அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் இயக்குநராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ், அந்த மூவரின் வாதத்தை விரைந்து தகர்க்கவேண்டும் என்று தம் சகாக்களுக்கு எழுதியது 2021இல் வெளியே வந்தது. அவரே 2023இல், நோயைத் தடுப்பதற்கு அளவற்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு, மக்கள் வாழ்க்கை குலைந்ததற்கு உரிய எடையைத் தாங்கள் கொடுக்கவில்லை என்ற பொருளில் பேசினார். பட்டாச்சார்யா 2025இல் அதே கழகங்களின் இயக்குநராகப் பதவியேற்றார். காலம் இப்படியும் சுழலும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வது வேறு; வாயடைப்பது வேறு. வாயடைக்கப்பட்டவரின் தவறுகள்கூடப் பின்னாளில் தியாகமாகத் தோன்றும்.

சுவீடனைக் காட்டி வாதாடியவர்கள் நம்மிடையிலும் இருந்தார்கள். அங்கே கடுமையான ஊரடங்கு இல்லை. சிறுவர் பள்ளிகள் திறந்திருந்தன. 2020இல் அண்டை நாடுகளான நார்வே, பின்லாந்து, டென்மார்க்கைவிட அங்கே இறப்பு அதிகம். முதியோர் இல்லங்களைக் காக்கத் தவறியதை அந்நாட்டு விசாரணைக் குழுவே சுட்டிக்காட்டியது. அதே குழு 2022 பிப்ரவரியில் தந்த இறுதி அறிக்கையில், கட்டாயத்தைவிட மக்களின் விருப்ப ஒத்துழைப்பை நம்பியது அடிப்படையில் சரியே என்றும், தொடக்கத்தில் இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. மூன்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவில் மிகை இறப்பு குறைந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. ஒரே நாட்டை இரு தரப்பும் சான்றாகக் காட்டலாம் போலிருக்கிறது. முழுக்கணக்கைப் பார்க்கும் பொறுமை இருவருக்கும் வேண்டும்.

தராசில் ஏறாதவர்கள்

எடை போடுவதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர என் மனம் இடங்கொடுக்கவில்லை. உணவகத்தில் எத்தனை பேர் சேர்ந்து அமரலாம், இருவரா ஐவரா என்று நாம் வாதாடினோம். அந்த வாதத்தில் குரலே இல்லாதவர்கள் தங்கும் விடுதிகளில் இருந்தார்கள். சுமார் 3,23,000 வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளில் இருந்தனர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். நம் கோபுரத்துக்குச் சாரம் கட்டியவர்களும் திருவிழாவில் தேர்வடம் பிடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2020 டிசம்பர் நிலவரப்படி விடுதி ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதாலும் நல்ல சிகிச்சை கிடைத்ததாலும் மிகச் சிலரே உயிரிழந்தனர். இறைவனுக்கும் மருத்துவர்களுக்கும் நன்றி.

ஆனால் நாம் 2020 ஜூனிலேயே வெளியே வந்துவிட்டோம். அவர்களுக்கு வேலையிடம், விடுதி என்ற இரண்டு புள்ளிகளுக்கு இடையே வாழ்க்கை நீண்டகாலம் நின்றுபோனது. 2021 செப்டம்பரில்தான் முன்னோடித் திட்டமொன்றின்கீழ், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை, லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் சில மணி நேரம் சென்றுவர அனுமதிக்கப்பட்டார்கள். கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரத்திலேயே கும்பிட்டு நின்ற ஒரு தம்பியை நான் பார்த்தேன். "எவ்வளவு நாளாச்சு தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றரை வருஷம் ஆச்சுக்கா" என்றார். "கோயில் மூடியது சரியா தவறா?" என்று நாம் நடத்திய சண்டையில் அவரை யாரும் கேட்கவில்லை. விடுதி நிலைமையைக் கையாண்டதில் இன்னும் சிறப்பாகச் செய்திருக்கலாம் என்று அரசின் வெள்ளை அறிக்கையும் கூறுகிறது. நாமும் நம் பங்குக்கு அதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கோயில் கதவு

இனி நமது கதவுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கிய அதிரடித் திட்டத்தில் வழிபாட்டுத் தலங்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. மலேசியாவில் அதற்கு முன்பே, மார்ச் 18ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. உள்ளே நித்திய பூசை நிற்கவில்லை. வெளியே நாம்தான் இல்லை. சிங்கப்பூரில் ஜூன் 2ஆம் தேதி தனிப்பட்ட வழிபாட்டுக்கு வழி திறந்தது. 2021 தைப்பூசத்தன்று காவடியும் ஊர்வலமும் இல்லை. முன்பதிவு செய்தவர்கள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் பாலைச் செலுத்தினார்கள். 2022இலும் அப்படியே. நடந்து செல்லும் ஊர்வலம் 2023 பிப்ரவரி 5ஆம் தேதிதான் திரும்ப வந்தது.

இதை எதிர்த்தவர்களின் வேதனையை நான் லேசாக எண்ணவில்லை. நோய் வந்த காலத்தில்தான் தெய்வம் வேண்டும். தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு நாளில் மனித முகம் பார்க்கும் ஒரே இடம் கோயில்தான். தகப்பனாருக்கு இறுதிச் சடங்கு செய்யும்போது ஒரு நேரத்தில் 10 பேருக்குமேல் கூடாது என்றால், தூக்குவதற்கே ஆள் எண்ணவேண்டியிருந்தது. இவை எல்லாம் உண்மையான இழப்புகள். "உயிரைவிடக் கும்பிடுவது பெரிதா?" என்று ஒரே வரியில் கேட்டு அவர்களை அடக்கியது சரியல்ல.

அதே வேளையில், விலகியிருப்பது நம் சமயத்துக்குப் புதிது என்பதும் சரியல்ல. அம்மை போட்ட வீட்டில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்நியர் உள்ளே வரக்கூடாது. வீட்டார் விருந்துக்கும் விசேஷத்துக்கும் போகக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளிக்குத் தனி இடம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது என்பது பல கிராமங்களின் வழக்கம். பக்தி அங்கே ஒதுங்கியிருந்தது, குறையவில்லை. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது அதைச் சாதித்தது தடுப்பூசி. அதனால் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பது நின்றுவிடவில்லை.

துறவிகளிடையேகூட இந்த வேற்றுமை வந்தது. 2021 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தது. நிரஞ்சனி அகாடா தன் பங்கை முன்னதாக முடித்துக்கொள்வதாக அறிவித்தது. வேறு சில அகாடாக்கள் அதை ஏற்கவில்லை. 17ஆம் தேதி இந்தியப் பிரதமர், மேளாவை அடையாள அளவில் நடத்துமாறு கேட்டுக்கொண்டார். ஜூனா அகாடாவின் சுவாமி அவதேசானந்த கிரி அதை ஏற்று, நீராடலை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். கங்கைமேல் அவருக்கிருந்த பக்தியை யாரும் குறைசொல்ல முடியாது. நீராடுபவருக்குள்ள உரிமையோடு, அவர் திரும்பிச் செல்லும் கிராமத்தையும் சேர்த்து எடைபோட்டார்கள். எடை போடும் சண்டைக்கு நீதிபதி ஆதாரம் மட்டுமல்ல. யார் மேல் சுமை விழுகிறதோ அவரையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

யாரை நம்புவது?

மூன்றாம் வகை நம்பிக்கை பற்றியது. தடுப்பூசிச் சண்டை பெரும்பாலும் இதுதான். பைசர் தடுப்பூசியின் முக்கிய ஆய்வில் சுமார் 43,000 பேர் கலந்துகொண்டனர். நோய் கண்ட 170 பேரில் 162 பேர் வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்கள். 8 பேர் தடுப்பூசி பெற்றவர்கள். இதைவிடத் தெளிவான கணக்கை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. பிறகு டெல்டா, ஓமிக்ரான் என்று கிருமி உருமாறியபோது, தொற்றைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. கடும் நோயையும் இறப்பையும் தடுக்கும் ஆற்றல் பெருமளவு நிலைத்தது. "போட்டும் வந்துவிட்டதே" என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. "போட்டதால் பிழைத்தேன்" என்றவரும் பொய் சொல்லவில்லை.

பக்கவிளைவு இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பிக்கை உடைந்திருக்கும். இளம் ஆண்கள் சிலருக்கு அரிதாக இதயத்தசை அழற்சி வருவது தெரிந்ததும், ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று சிங்கப்பூரில் 2021 ஜூலையில் அறிவுறுத்தினார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு 2,25,000 வெள்ளி வரை உதவி வழங்கும் திட்டமும் இருந்தது. ஒளிக்காமல் சொன்னதும், பாதிக்கப்பட்டவரைக் கைவிடாததும்தான் நம்பிக்கையை வளர்க்கும்.

நம்பிக்கை உடையும் விதத்தையும் பார்த்தோம். தொடர்பைக் கண்டறியும் டிரேஸ்டுகெதர் தகவல் அந்த ஒரு வேலைக்கு மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டது. குற்ற விசாரணைக்கும் அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது பலர் மனம் நொந்தார்கள். அடுத்த மாதமே சட்டம் இயற்றி அதைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். கொடுத்த வாக்கு மீறப்பட்டதாக ஒருமுறை தோன்றிவிட்டால், பிறகு உண்மையைச் சொன்னாலும் காது கொடுக்க ஆள் குறைவு. நம்பிக்கைச் சண்டைக்கு நீதிபதி நடத்தைதான். ஏளனம் ஒருவரையும் ஊசி போட வைத்ததில்லை. பக்கத்தில் அமர்ந்து, "பாட்டி, நானும் போட்டுக்கிட்டேன், வாங்க, கூடவே வர்றேன்" என்று சொன்ன தொண்டூழியர் பலரை அழைத்துவந்திருக்கிறார்.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே, உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இத்தொற்றோடு தொடர்புடைய மிகை இறப்பு சுமார் 1 கோடியே 49 லட்சம். இன்னொரு கிருமி என்றேனும் வரும். அன்று நாம் மறுபடியும் பிரிவோம். பிரிந்தாலும் முறியாமல் இருக்க, நமது அறக்கட்டளைக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நெருக்கடியில் கோயிலைப் பற்றி யார் முடிவெடுப்பது என்பதை இப்போதே எழுதிவைப்போம். அரசு விதிகளுக்கு உட்பட்டு நாம் முடிவு செய்யவேண்டியவை நிறைய உண்டு. அக்குழுவில் ஒரு மருத்துவர், ஒரு குருக்கள், ஒரு மூத்த பக்தர், பெண் தொண்டூழியர் ஒருவர், வெளிநாட்டு ஊழியர் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அறிவிப்பிலும் காரணத்தையும், மறுபரிசீலனை செய்யும் தேதியையும் எளிய தமிழில் எழுதுவோம். "மறு அறிவிப்பு வரும்வரை" என்ற சொற்றொடர் பலர் மனத்தைப் புண்படுத்தியது.

மூன்றாவது, திருப்பணி நிதியில் ஒரு பகுதியைக் காற்றுக்குச் செலவிடுவோம். பஜனை மண்டபத்துக்கும் அன்னதானக் கூடத்துக்கும் திறக்கக்கூடிய சன்னல்களும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிப்பது போல் காற்றில் பொறிக்க முடியாது. ஆனால் அந்தப் புண்ணியம் ஒவ்வொரு மூச்சிலும் சேரும்.

நான்காவது, தனியே வாழும் முதியோரின் பட்டியலும், விடுதித் தோழர்களோடு தொடர்பும் எப்போதும் நம் கையில் இருக்கட்டும். கதவை மூட நேர்ந்தாலும் தொலைபேசியை மூடவேண்டியதில்லை. பிரசாதத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சண்டை மூன்றில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். உண்மை பற்றியது என்றால், இந்நேரம் ஆதாரம் வந்திருக்கும், சேர்ந்து படியுங்கள். எடை பற்றியது என்றால், அவர் எதை இழக்க அஞ்சினார் என்று கேளுங்கள். நம்பிக்கை பற்றியது என்றால், வாதம் உதவாது; வருகிற விசேஷத்துக்கு நேரில் போய் அழையுங்கள். கோயிலைத் திறக்கச் சொன்னவரும் மூடச் சொன்னவரும் இன்று இதே பந்தியில் அடுத்தடுத்து அமர்ந்து உண்ணப்போகிறார்கள். அந்தப் பந்தி நிலைக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல்.